கேட்காமல் குடித்த மூன்று மடக்கு

எல்லோரும் உட்கார்ந்தாயிற்றா? பெரியவர்களும் கேட்கலாம், சிறியவர்களும் கேட்கலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவன் ஒருவன்கூடக் கிடையாது. கெட்டவன் இருந்தால் அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போகலாம். அந்த வசதி இதில் இல்லை.

வெகு காலத்துக்கு முன்னே, மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகக் கார்மங்கலம் என்றொரு நாடு இருந்தது. வேளாதன் என்ற அரசன் அதை ஆண்டான். அவனுக்குப் பெரிய படை இல்லை, பெரிய கோட்டை இல்லை, பெரிய துறைமுகமும் இல்லை. இருந்தது ஒரே ஒரு ஏரி.

கடம்பேரி என்று அதற்குப் பெயர். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. எண்பது ஊர்கள் அந்தத் தண்ணீரில் விதைத்தன, அந்தத் தண்ணீரைக் குடித்தன, அந்தத் தண்ணீர்க் கரையில்தான் தங்கள் பிணங்களையும் எரித்தன. ஏரி நிறைந்தால் நாடு சிரிக்கும். ஏரி வற்றினால் நாடு அழும். ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அதனால் அந்த நாட்டில் அரசனுக்கு அடுத்த பதவி படைத்தலைவனுடையது அல்ல, அமைச்சனுடையதும் அல்ல. ஏரியைக் காக்கிறவருடையது. அவரை ஏரிநாயகம் என்பார்கள். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் சொல்படிதான். எண்பது ஊரிலிருந்தும் ஆட்களை வரவழைத்துக் கரையில் வேலை வாங்கலாம். சபையில் அரசனுக்குப் பக்கத்திலேயே ஆசனம். வெளியே போனால் வெண்குடை.

இவ்வளவு பெரிய பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? அரசன் இல்லை. ஏரிக்கரையின் அடியில், மதகுக்கு நேர் கீழே, அடிமதகு என்று ஒரு சிற்றூர். முப்பது வீடு இருக்கும். கரை உடைந்தால் முதலில் போவது அந்த ஊர்தான். ஆகவே முதலில் சாகப்போகிறவர்களே முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்று வேளாதனின் முன்னோர் ஒருவர் சட்டம் எழுதி வைத்திருந்தார். அரண்மனைக்காரர்களுக்கும் எப்போதாவது இப்படி நல்ல புத்தி வருவதுண்டு.

அந்த ஊரில் எல்லா வீட்டையும்விடத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் வீடு எதுவோ, அந்த வீட்டுக்காரிதான் கேட்பவள். பதவிக்கு வந்தவர் ஏரியில் இறங்கி ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் சபை நடுவே நின்று மூன்று கேள்விகள் கேட்பாள். விடை சரியென்றால் செம்பிலிருந்து ஒரு மடக்குக் குடிப்பாள். தவறென்றால் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். மூன்று மடக்கும் குடித்துவிட்டால் வந்தவர் ஏரிநாயகம். ஊற்றிவிட்டால், அவர் அரசனுக்கு மைத்துனனாகவே இருந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எது சரியான விடை என்று சபையில் அவள் சொல்லமாட்டாள். அது அந்த வீட்டு மாமியார் மருமகளிடம் சொல்லி வைக்கும் சேதி.

நம் கதை நடந்த காலத்தில் கேட்பவளாக இருந்தவள் பெயர் கொற்றி. நாற்பது வயது. கணவனை இழந்தவள். நங்கை என்று ஒரே மகள். கொற்றிக்கு இந்த உலகத்தில் ஒட்டும் உறவும் அந்த ஒரு மகள்தான். அதை மட்டும் மறந்துவிடாமல் கேளுங்கள்.

ஒரு மாசி மாதத்தில் பழைய ஏரிநாயகம் கண்ணை மூடினார். காரியம் முடிந்த பதினாறாம் நாளே பதவிக்கு ஆள் வந்துவிட்டது.

முதலில் வந்தவன் படைத்தலைவன். மூன்று போரில் வென்றவன். செம்பைக் கொற்றியின் கையில் கொடுத்துவிட்டு மார்பை நிமிர்த்தி நின்றான்.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கலிங்கு என்று ஓர் இடம் உண்டு. கோடைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று அதன் மேல் மண்ணையும் புல்லையும் வைத்து ஒரு முழம் உயரத்துக்கு அடைப்பார்கள். கொற்றி அதைத்தான் கேட்டாள்.

“கலிங்குல அடைச்ச மண்ண எப்பங்கய்யா எடுப்பீங்க?”

“மழை கொட்ட ஆரம்பித்த உடனே எடுத்துவிடுவேன்!”

கொற்றி செம்பைக் கவிழ்த்தாள். தண்ணீர் தரையில் ஓடியது. படைத்தலைவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

சரியான விடையை நான் உங்களுக்குச் சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும். ஏரிக்குத் தண்ணீர் மேற்கு மலையிலிருந்து வருகிறது. இங்கே மழை கொட்டும் வரை காத்திருந்தால் அங்கே பெய்தது கதவைத் தட்டிவிடும். மலை உச்சியில் மேகம் இறங்கி மூன்று நாள் கலையாமல் நின்றாலே, இங்கே வெயில் அடித்தாலும், அடைப்பை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவதாக வந்தவர் ஒரு புலவர். ஏரியைப் பற்றி எழுதிய ஏடுகளை எல்லாம் கரைத்துக் குடித்தவர். முதல் கேள்விக்குச் சரியாகவே சொன்னார். கொற்றி ஒரு மடக்குக் குடித்தாள்.

“கரை மேல நிக்கிற மரம் பட்டுப்போனா என்னங்கய்யா செய்வீங்க?”

“மேலே வெட்டிவிட்டு அப்படியே விடக் கூடாது. வேரோடு தோண்டி எடுத்து, அந்தக் குழியைக் களிமண் போட்டு இடித்து இறுக்குவேன். வேர் உள்ளே மக்கினால் தண்ணீர் அந்த வழியாகப் புகுந்துவிடும்.”

கொற்றி இன்னொரு மடக்குக் குடித்தாள். சபையில் கொஞ்சம் சலசலப்பு.

“கரைக்குப் பின்பக்கம் ஊத்துத் தண்ணி கசியுது. எதைப் பாத்துப் பயப்படுவீங்க?”

புலவர் சிரித்தார். “இது ஒரு கேள்வியா? அளவைப் பார்த்துத்தான். கசிவு அதிகமானால் பயம். குறைந்தால் பயமில்லை.”

கொற்றி மிச்சத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். புலவருக்கு வந்ததே கோபம்! “மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னேனே அம்மா!” என்று கத்தினார்.

“ஏரி உடையறதுக்கு ஒண்ணு போதுங்கய்யா,” என்றாள் கொற்றி.

இதற்கும் விடையைச் சொல்லிவிடுகிறேன். அளவு பெரிதல்ல, நிறம்தான் பெரிது. கரைக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் கசிந்தாலும், அது தெளிவாக வந்தால் தூங்கலாம். கலங்கலாக வந்தால் அது கரையின் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது. அப்போது விரல் பருமன் வந்தாலும் ஊரைக் காலி செய்துவிட வேண்டும்.

பார்த்தீர்களா, கொற்றி எவ்வளவு கெட்டிக்காரி! படைத்தலைவனுக்கும் பயப்படவில்லை, புலவருக்கும் மயங்கவில்லை. இவள் இருக்கும் வரை அடிமதகுக்கு என்ன கவலை என்றுதான் நானும் நினைத்தேன், இந்தக் கதையை முதன்முதலில் கேட்டபோது.

மூன்றாவதாக வந்தவர் சேந்தன்.

சேந்தன் பதவியைத் தேடி வரவில்லை, முன்னே நடந்த இரண்டு சபைக்கும் அவர் வந்ததுமில்லை. ஊரார்தான் இழுத்து வந்தார்கள். பெருவழியில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடும் மடம் ஒன்றை அவர் நடத்தி வந்தார். பஞ்சம் வந்த வருஷம், தன் வீட்டு நெற்குதிர் முழுவதையும் வழித்து எண்பது ஊருக்கும் கஞ்சி ஊற்றினார். விஷக்காய்ச்சல் வந்த வருஷம், பெற்ற பிள்ளைகளே எட்டி நின்ற வீடுகளுக்குள் நுழைந்து நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் காய்ச்சலில்தான் கொற்றியின் கணவன் இறந்தான். பாடை தூக்க ஒருவரும் வரவில்லை. சேந்தன் ஒருவராக அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாடு வரைக்கும் நடந்தார். அன்றிலிருந்து கொற்றிக்கு அவர் தம்பி, அவருக்குக் கொற்றி அக்கா, நங்கைக்கு அவர் மாமா.

“எனக்குச் சோறு வடிக்கத்தாங்க தெரியும்,” என்றார் சேந்தன், கூப்பிட வந்தவர்களிடம். என்ன அடக்கம் பார் என்று மெச்சிக்கொண்டார்கள். “ஏரியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றார் மறுபடியும். இப்படிச் சொல்கிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். “வேண்டாங்க, விட்டுடுங்க,” என்றார் மூன்றாம் முறை. தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்று முறை அவர் உண்மையைச் சொன்னார். மூன்று முறையும் அதைப் பணிவு என்று நினைத்தார்கள்.

சபை கூடியது. எண்பது ஊர் ஜனமும் கரை மேல் நின்றது. சேந்தன் ஏரியில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்து கொற்றியின் கையில் கொடுத்தார். கொற்றி செம்பை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கேளுங்க அக்கா,” என்றார் சேந்தன். “எனக்கு இது வருமா வராதான்னு எனக்கே தெரியணும். கேளுங்க.”

கொற்றிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தத் தோளில்தானே அவள் கணவன் கடைசியாகக் கிடந்தான்! இந்த மனிதரைச் சபை நடுவே நிறுத்தி, தெரியுமா தெரியாதா என்று கேட்பதா? ஒருவேளை அவர் தடுமாறிவிட்டால்? எண்பது ஊருக்கு முன்னால் அவர் தலைகுனிந்து நிற்பதை அவள் பார்க்க வேண்டுமா?

“உங்களைக் கேட்டா என் நாக்கு அழுகிடும் தம்பி,” என்றாள்.

சொல்லிவிட்டுச் செம்பைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தாள். இரண்டாவது மடக்குக் குடித்தாள். மூன்றாவது மடக்கும் குடித்தாள்.

அடடா, அந்த ஆரவாரம்! மலையில் எதிரொலித்ததாம். அரசன் மட்டும் அமைச்சர் பக்கம் சாய்ந்து, “கேட்காமலே குடிக்கலாமா?” என்று கேட்டான். அமைச்சர் ஓலையைப் புரட்டினார். கேட்பவள் மூன்று மடக்குக் குடித்தால் பதவி என்று இருந்தது. கேட்டே ஆக வேண்டும் என்று தனியாக எழுதவில்லை. எழுதியவருக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றியிருக்காது. “சட்டத்துக்கு விரோதமில்லை அரசே,” என்றார் அமைச்சர். வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. அரசன் மேற்கொண்டு பேசாமல் வெண்குடையைக் கொடுத்தான்.

சேந்தன் குடையை வாங்கிக்கொண்டார். கேள்விக்காரியே கேட்கவில்லை என்றால், தன்னால் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டார். அவளும் ஊராரும் காட்டிய அன்பைத் தன் அறிவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார், பாவம்.

உதட்டைப் பிதுக்காதீர்கள். நீங்களும் நானும் அந்தக் கரையில் நின்றிருந்தால் கை தட்டித்தான் இருப்போம்.

மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. மழை அளவாகப் பெய்தது. ஏரி அளவாக நிறைந்தது. நெல் அளவுக்கு மேலேயே விளைந்தது. சேந்தன் வெண்குடையை மடக்கி வைத்துவிட்டுக் கரை வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இப்படி ஒரு ஏரிநாயகம் உண்டா என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அன்று கேட்காமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று கொற்றியையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

பதவிக்கு வந்த முதல் வருஷமே ஒன்று நடந்திருந்தது. அடிமதகுக்கு நேர் மேலே, கரையில் ஒரு பெரிய மருத மரம் பட்டுப்போய் நின்றது. வீடு இடிந்துபோன ஏழை ஒருவன் வந்து, “சாமி, உத்தரத்துக்கு ஒரு மரம் வேணும்,” என்று கும்பிட்டான். எடுத்துக்கொள்ளப்பா என்றார் சேந்தன். அவன் தரை மட்டத்தில் வெட்டி எடுத்துப் போனான். வேர் உள்ளேயே கிடந்தது.

கொற்றி அதைப் பார்த்தாள். ஒரு நாள் மெல்லப் பேச்செடுத்தாள்.

“தம்பி, அந்த மருத மரத்து வேரு...”

“பாவம்க்கா அந்தக் குடும்பம். இப்பத்தான் கூரைக்கடியில படுக்குறாங்க,” என்றார் சேந்தன், முகமெல்லாம் மகிழ்ச்சியாக.

அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் குடித்தவள், இப்போது எந்த முகத்தோடு அவருக்குப் பாடம் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அப்புறம் அடுத்த மாதம் என்று விட்டாள். அப்புறம் விட்டே விட்டாள்.

நான்காம் வருஷம் நங்கைக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அடிமதகின் மிகத் தாழ்ந்த வீட்டில், தொட்டில் கட்டப் பழைய சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள் கொற்றி.

அந்த ஐப்பசியில் மேற்கு மலை உச்சியில் மேகம் இறங்கி நின்றது. ஒரு நாள் நின்றது, இரண்டு நாள் நின்றது, மூன்று நாளும் கலையவில்லை. கார்மங்கலத்தில் நல்ல வெயில். கலிங்கின் அடைப்பை எடுத்துவிடலாமா என்று வேலைக்காரர்கள் கேட்டார்கள். அதற்குள் மேட்டுநிலத்து ஊர்களின் விவசாயிகள் ஓடி வந்துவிட்டார்கள். “ஐயா, ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி வேணும். வெயில் அடிக்கையில தண்ணிய வெளிய விடுறீங்களே!” என்று காலில் விழுந்தார்கள். யார் காலில் விழுந்தாலும் சேந்தனால் தாங்க முடியாது. “சரி, மழை வரட்டும், அப்புறம் எடுப்போம்,” என்றார்.

நான்காம் நாள் மழை வந்தது. மலைத் தண்ணீர் அதற்கு முன்பே வந்துவிட்டது. அடைப்பை எடுக்கப் போனவர்கள் இடுப்பளவு வெள்ளத்தில் நிற்க முடியாமல் திரும்பினார்கள். ஏரி கரையின் கழுத்து வரை ஏறியது.

மருத மரம் நின்ற இடத்துக்கு நேர் கீழே, கரையின் பின்பக்கம், ஊற்றுக் கிளம்பியது. குடம் குடமாகக் கொட்டியது. அடிமதகுக்காரர்கள் பதறிப்போனார்கள். கொற்றி போய்க் குனிந்து பார்த்தாள். கையில் அள்ளிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் நங்கைக்கு இடுப்பு வலி எடுத்தது. மருத்துவச்சி இருந்தது ஏரியின் வடகரையில், அரை நாள் நடை. மழையில் வேறு யாரை அனுப்புவது? கொற்றியே கிளம்பினாள். போகும்போது கரையில் நின்ற சேந்தனிடம், “பயமில்ல தம்பி. பிள்ளையப் பாத்துக்குங்க, வந்துடுறேன்,” என்று சொல்லிவிட்டு ஓடினாள். தண்ணீர் தெளிவாக இருக்கும் வரைதான் பயமில்லை என்று அவள் சேர்த்துச் சொல்லவில்லை. அவசரம். அதோடு, ஏரிநாயகத்துக்கு அது தெரியாமல் இருக்கும் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றவும் இல்லை.

சேந்தன் ஆட்களைக் கூட்டி அந்த ஊற்றின் மேல் மண்ணைக் கொட்டி மிதித்தார். தானும் மண் சுமந்தார். இரவெல்லாம் சுமந்தார். விடிந்து பார்த்தால் ஊற்றுச் சிறுத்திருந்தது. குடம் குடமாகக் கொட்டியது போய் ஒரு கை பருமன் வந்தது. பிறகு இரண்டு விரல் பருமன் வந்தது. செக்கச்செவேல் என்று வந்தது.

சேந்தன் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

பக்கத்து வீட்டு மாசாத்தி மூட்டை கட்டி வைத்திருந்தாள். ஊரே மூட்டை கட்டி வைத்திருந்தது. “ஐயா, மேட்டுக்குப் போயிடட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. ஊத்துக் குறைஞ்சுடுச்சு, நீங்களே பாருங்க. இந்தக் கொட்டுற மழையில கைப்பிள்ளைகளையும் வலி எடுத்த பொண்ணையும் எங்க கொண்டு போவீங்க? நான் இருக்கேன். நிம்மதியா இருங்க.”

நங்கையும் கையில் ஒரு சின்ன மூட்டையோடு வாசலில் வந்து நின்றிருந்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். “மாமாவே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன,” என்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

அவர்கள் போயிருக்கலாம். மேடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடலாமா என்றிருக்கும். நிறுத்தினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

காலையிலிருந்து அடிமதகில் அடுப்பு எரியவில்லை. எல்லாம் நனைந்த விறகு. இவர்கள் பட்டினி கிடக்கிறார்களே என்று சேந்தனுக்குப் பொறுக்கவில்லை. தென்கரையில் இருந்த தன் மடத்துக்குப் போய்ச் சுடச்சுடக் கஞ்சி காய்ச்சி, நாலு ஆள் தலையில் பானைகளை ஏற்றி, தானும் ஒரு பானையைச் சுமந்துகொண்டு கரை வழியாகத் திரும்பி வந்தார். உச்சிப்பொழுது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. அதே நேரம் வடகரை வழியாகக் கொற்றி மருத்துவச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொற்றி கையை அசைத்தாள். அப்போதுதான் அவர்களுக்கு நடுவே இருந்த கரை உட்கார்ந்தது.

ஒரு பெரிய சத்தம்கூட இல்லை என்று சொல்கிறார்கள். மருத மரம் நின்ற இடத்தில் மண் உள்வாங்கியது. பிறகு தண்ணீர் போனது. அடிமதகு அது போகும் வழியில் இருந்தது. முப்பது வீடு. அறுபத்து நாலு பேர். வயிற்றுப்பிள்ளையைச் சேர்த்தால் அறுபத்து ஐந்து.

கரையின் இந்த முனையில் கொற்றி. அந்த முனையில் சேந்தன். நடுவே ஏரி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஓடியது. இரண்டு நாளும் அவர்கள் இருவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. சேந்தன் சேற்றில் இறங்கி நடந்து கொற்றி நின்ற பக்கம் ஏறினார். அவள் காலடியில் உட்கார்ந்தார்.

“அக்கா, அன்னிக்குக் கேட்டிருந்தா என்ன கேட்டிருப்பீங்க?”

கொற்றி சொன்னாள். கலிங்கு, மரம், ஊற்று. மூன்றையும் சொன்னாள். குரல் உடையாமல் சொன்னாள்.

சேந்தன் சொன்னார்: “மூணுக்குமே தெரியாதுன்னுதான்க்கா சொல்லியிருப்பேன். நீங்க தண்ணியக் கொட்டியிருப்பீங்க. எனக்குக் கொஞ்சம் வெக்கமா இருந்திருக்கும். நாலு நாள்ல அது போயிருக்கும். நான் மடத்துக்குப் போய்ச் சோறு வடிச்சிருப்பேன்.”

கொற்றி அப்போதுதான் அழுதாள்.

அரசன் வந்தான். விசாரணை வைத்தான். சேந்தன், “என்னைக் கொன்னுடுங்க,” என்றார். கொற்றி, “எனக்குத்தான் தண்டனை,” என்றாள். அரசன் இரண்டு பேரையும் பார்த்தான். அன்று வெயில் ஏறுகிறதென்று பேசாமல் இருந்தவன் அவன். தன்னை விட்டுவிட்டு இவர்களை எப்படித் தண்டிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒருவரையும் தண்டிக்காமல் தலைகுனிந்தபடி எழுந்து போனான். அடிமதகுக்கு நியாயம் என்று ஒன்று கடைசி வரை கிடைக்கவில்லை.

சேந்தன் பதவியை விட்டார். மடத்துக்கும் திரும்பவில்லை. உடைந்த கரையை மறுபடி கட்டும் வேலையில் கூலியாளாகச் சேர்ந்து மண் சுமந்தார். சாகும் வரை சுமந்தார். அடுத்த ஏரிநாயகம் முன்னால் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். அவரைப் பார்க்கிற எண்பது ஊர்க்காரர்களும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள், தங்கமான மனுஷன், என்ன செய்வது, விதி என்று.

ஒருநாள் கொற்றியின் காதில் அது விழுந்தது. ஏரிக்கரையில் நாலு பேர் உட்கார்ந்து அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொற்றி நின்றாள்.

“தங்கமான மனுஷன்தான். யாரு இல்லேன்னா?” என்றாள். “சோறு வடிச்சுக்கிட்டிருந்த மனுஷனைத் தூக்கிட்டு வந்து அறுபத்தஞ்சு உசுர அவரு தலையில வச்சோம். விதியாம் விதி! மூணு கேள்வி கேக்க எனக்கு வாய் வரல. கேட்டிருந்தா அவரும் தங்கமாவே இருந்திருப்பாரு, என் மகளும் இருந்திருப்பா.”

அவள் தன் வழியே நடந்து போனாள்.

கேட்டீர்கள் அல்லவா? உயர்ந்த பதவிக்கு வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நமக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அந்த வேலை அவருக்குத் தெரியுமா என்று முகத்துக்கு நேரே கேட்டுச் சோதித்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும்.